மடிக்கணினி சுடுவது ஏன்?



2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவியர் அவற்றைப் பெற்றனர். அக்காள் பெற்ற கணினியில் தங்கை படிக்கும் வீடுகளும் உண்டு.

அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. லினக்ஸின் கருவை 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அதைக் கொண்டு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதே பாஸ்.

“லினக்ஸில் கணினி சுடுகிறது, இனி உதவாது” என்று சிலர் அதை மூலையில் வைத்துவிடுகின்றனர். இது முறையா? காய்ச்சலின் காரணம் அறியாமல் மருத்துவர் மருந்து தருவாரா?

முதலில் சூடு பிறக்கும் விதத்தை அறிவோம். திருத்தணி மலையின் 365 படிகளை மெல்ல ஏறினால் களைப்பு குறைவு. ஓடி ஏறினால் உடல் கொதிக்கிறது. கணினியின் செயலியும் அவ்வாறே. வேலை மிகுந்தால் சூடும் மிகும். அச்சூட்டைச் செம்புக் குழாய் கடத்த, விசிறி வெளியே தள்ளுகிறது. 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் விசிறியின் பாடு சொல்லவும் வேண்டுமா?

இனிச் சோதனை செய்வோம். கணினியை மேசைமீது வைத்து, ஒரே வேலையை இரண்டு இயங்குதளங்களிலும் அரைமணி நேரம் செய்து பார்ப்போம்.

இரண்டிலும் சுட்டால் லினக்ஸைப் பழிப்பதில் பயனில்லை. காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கலாம். செயலிமீது பூசிய வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம். கணினியை அணைத்து, மின்இணைப்பை நீக்கி, மென்மையான தூரிகையால் துளைகளைத் துடைக்கலாம். உள்ளே திறப்பதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவோம். மெத்தை, தலையணைமீது கணினியை வைத்தலும் துளைகளை அடைக்கும்.

லினக்ஸில் மட்டும் சுட்டால் காரணம் அமைப்பில் இருக்கலாம். முனையத்தில் ‘டாப்’ என்ற கட்டளையைத் தந்தால், எந்த நிரல் செயலியை ஓயாமல் உழைக்க வைக்கிறது என்பது தெரியும். தேவையற்றதை மூடுவோம். படக்காட்சி ஓடும்போது மட்டும் சூடேறினால், வரைகலைக்குரிய இயக்கி சரியாக இல்லாமல் முழுச் சுமையும் செயலிமேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சிக்கன அமைப்பையும் தேர்ந்துகொள்ளலாம். ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளை வெப்ப அளவைக் காட்டும். அதற்குரிய நிரலை முன்பே நிறுவியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, முன்னும் பின்னும் அளவைக் குறித்து வைப்போம். அப்போதுதான் எது பலன் தந்தது என்பது விளங்கும்.

ஓர் எச்சரிக்கை: மின்கலம் உப்பியிருந்தால் சோதனை வேண்டா. உடனே அணைத்துப் பெரியவர்களிடம் கூறுங்கள்.

இறைவன் தந்த பகுத்தறிவைக் கொண்டு காரணத்தைத் தேடுவோம். மூலையில் கிடக்கும் கணினி மீண்டும் ஒரு தங்கையின் படிப்புக்கு உதவட்டும்!