மரத்தரை ஏன் அமுங்குகிறது?

கேள்வி: மாமல்லபுரத்தில் கடலோர வீடு. சமீபத்தில் லேமினேட் மரத்தரை போட்டோம். மழை தொடங்கியதும் சில இடங்களில் கால் வைத்தால் அமுங்கி எழுகிறது. முழுவதும் பிரிக்க வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: அவசரம் வேண்டாம். முதலில் சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்கள். கிளிக் வகை லேமினேட் பலகைகளைத் தரையோடு ஒட்டுவதில்லை. ஃபோம் விரிப்பின் மேல் மிதப்பதுபோல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அவை விரியும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் நடுவில் மேலெழும்பும். முட்டும் விளிம்பை அறுத்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தானே படிந்துவிடும். கதவு நிலையடியையும் பார்க்க மறக்காதீர்கள்.

இடைவெளி சரியாக இருந்தால், அடித்தளத்தில் பள்ளம் இருக்கலாம். அமுங்கும் இடம்வரை பலகைகளைக் கழற்றி, 2 மீட்டர் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றி, நன்றாகக் காய்ந்தபின் அதே பலகைகளை மாட்டலாம். ஆணி அடிக்கவோ, துளையிட்டுப் பசை செலுத்தவோ விடாதீர்கள். பலகை விரிய வழியில்லாமல் வேறிடத்தில் கிளம்பும்.

மூடுமுன் சிமெண்ட் தளத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தால், ஈரத்தடுப்பு இல்லாமல் மரம் போடாதீர்கள்.