குளிரில் ஸ்கூட்டர் கிளம்பவில்லையா?

தில்லியில் ஜனவரிக் காலைகளில் குளிர் 4, 5 டிகிரி வரை இறங்கும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையைக் கொண்டுவிடக் கிளம்பும் நேரம் பார்த்து, இரவெல்லாம் வெளியே நின்ற வண்டி மக்கர் பண்ணும். செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரி இறங்கிவிடும். 5 விநாடி அழுத்தி, 15 விநாடி விட்டு மறுபடி அழுத்துங்கள். ஹாரன் சத்தம் கம்மினால் பேட்டரிதான் கோளாறு. கிக்கர் இருந்தால் அதை உதையுங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் பக்குவம் வேறு. சாவி போடாமலே மூன்று நான்கு முறை கிக் அடித்தால் இன்ஜின் சற்று இலகுவாகும். பிறகு சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சீராக ஓடியதும் சோக்கை மறக்காமல் மூடுங்கள். இல்லையேல் பிளக்கில் கரி பிடிக்கும். பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் சோக் கிடையாது. சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப்பின் மெல்லிய இரைச்சல் அடங்கியபின் பட்டனை அழுத்தினால் போதும்.

அப்படியும் மசியவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். கன்னங்கரேலென்று இருந்தால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். தில்லித் தூசிக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மூடிய அறைக்குள் மட்டும் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை, உயிரையே குடித்துவிடும்.