உடம்பு சொல்லாததைக் கருவி சொல்லும்

அன்புள்ள ரீகனுக்கு,

அத்தை எழுதுவது. போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நைட் ஷிப்டில் கப்பல் வேலை ஓய்ந்திருக்கும் நேரத்தில் இதைப் படி.

துறைமுக மருத்துவ முகாமில் உனக்கு பி.பி. 152/98 இருந்ததாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாயாம். மதினி சொன்னார்கள். கேட்டதற்கு, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, தலைவலிகூட இல்லையே" என்றாயாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்த காலமெல்லாம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கடலுக்குப் போகிறவர், உப்பளத்தில் வாருபலகை பிடிக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் இதையே சொன்னார்கள். சொன்னதும் உண்மை. ரத்த அழுத்தம் கூடியிருக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் எதுவும் தெரியாது. அந்த நேரத்திலும் அது மூளை, கண், சிறுநீரகம், இதயம் நான்கிலும் நுண்ணிய குழாய்களைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அது உனக்குத் தெரியும்படி வருகிற முதல் நாளே கை கால் விழுகிற நாளாகவும் இருக்கலாம்.

என் அண்ணனுக்கு, உன் அப்பாவுக்கு, அப்படித்தான் நடந்தது. நீ அப்போது சின்னப் பிள்ளை. மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தோணியில் வேலை. நல்ல திடகாத்திரம், ஒரு நாள் ஜுரம் என்று படுத்ததில்லை. கரைக்கு வந்த மறுவாரம் காலையில் பல் தேய்க்கும்போது வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது. பேச வந்தார், வாய் கோணிக்கொண்டது. அதன் பிறகு அவர் பட்ட பாட்டை உனக்கு நான் விவரிக்க வேண்டாம். தகப்பனுக்கு பி.பி. இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அதனால் உன் எண்ணை முகாமில் ஏதோ தவறாகக் காட்டிய எண் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதும் சரிதான். முகாமில் வரிசையில் நின்று, மாடிப்படி ஏறி, டீ குடித்த கையோடு அளந்தால் ஏறித்தான் காட்டும். வீட்டில் ஒழுங்காக அளந்து பார். மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும்; மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதே. அளப்பதற்கு முந்தைய அரை மணியில் டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார். கால்மேல் கால் போடாதே. பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்று. கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அளக்கும்போது யாரோடும் பேசாதே, போனையும் பார்க்காதே. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை எடு. காலையும் இரவும் ஏழு நாள் இப்படி எழுதி வை. முதல் நாள் எண்களைக் கழித்துவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார். வீட்டில் எடுப்பது 135/85ஐத் தாண்டியே நின்றால் உனக்கு உயர் ரத்த அழுத்தம். அதன் பிறகு வாதாட ஒன்றுமில்லை. உன் வயதில் வந்திருப்பதால் சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று சிறுநீரும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக் கழிக்காதே.

இன்றைக்கு உனக்குக் கிடைத்திருக்கிற வசதி எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சங்கதி சொல்கிறேன். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்தார். அன்று அவருடைய பி.பி. 300/190. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர், கூடவே இதய மருத்துவர். அழுத்தம் ஏறிக்கொண்டே போவதை அவர்களால் எழுதி வைக்க முடிந்ததே தவிர, இறக்க ஒரு நல்ல மாத்திரை அவர்கள் கையில் இல்லை. நான்கே வருடத்தில், 1949ல், மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நம் நாட்டு சர்ப்பகந்தி வேரை நோயாளிகளுக்குக் கொடுத்து அழுத்தம் இறங்கியதை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த மருந்து மனச்சோர்வு தரக்கூடும் என்ற பயத்தால் இப்போது அதிகம் கொடுப்பதில்லை. அதைவிட நல்லவை வந்துவிட்டன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை திரேஸ்புரத்தில் மீன் விற்கிற ஆச்சிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை நீ அலமாரியில் போட்டு வைத்திருக்கிறாய். இது எனக்குத் தாங்கவில்லை.

இனி கொலஸ்ட்ரால். உன் ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 168 என்று மதினி வாசித்தார்கள். கொழுப்பு ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒட்டிப் படிகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சுவருக்கு உள்ளேயே புகுந்துவிடுகிறது. நம் கடற்கரையில் பிறந்த உனக்கு முத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். சிப்பியின் சதைக்குள் அந்நியப் பொருள் ஒன்று புகுந்தால் சிப்பி அதன்மேல் படலம் படலமாகப் பூசிக்கொண்டே வரும். அதேபோல அழுத்தத்தாலும் புகையிலையாலும் புண்பட்ட சுவருக்குள் எல்.டி.எல். நுழைந்ததும், அதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கிய கொழுப்போடு அங்கேயே செத்துக் குவிகின்றன. அதன்மேல் நார்த்திசு மூடுகிறது. இருபது, முப்பது வருடம் இப்படி வளரும். ஒரு நாள் அந்த மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இதயக் குழாயில் அப்படி ஆவதுதான் மாரடைப்பு.

1973ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதே 1973ல் டோக்கியோவில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்த பின், அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் ஸ்டேட்டின் மாத்திரைகளுக்கு அதுவே தாய். எல்.டி.எல். 40 புள்ளி அளவு இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மேல் பி.பி. 10 புள்ளி இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே பலன். உனக்கு ஸ்டேட்டின் இப்போதே வேண்டுமா, சாப்பாட்டை மாற்றிக் கொஞ்ச காலம் பார்க்கலாமா என்பதை டாக்டர் உன் வயது, சர்க்கரை, புகைப் பழக்கம், அப்பாவின் நோய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். யூடியூப் பார்த்து நீயே முடிவு செய்யாதே.

சாப்பாட்டில் நீ முதலில் கை வைக்க வேண்டியது உப்பில்தான். குஜராத்துக்கு அடுத்து உப்புக்குப் பேர் போன ஊர் நம்முடையது. உப்பைக் குறை என்று இங்கே சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. கோபப்பட வேண்டியதில்லை. பாத்தியில் விளைவது ஆலைகளுக்கும் போகிறது. சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா செய்வதே உப்பிலிருந்துதான். நம் தட்டில் குறைவதால் உப்பளத்தார் பிழைப்பு கெடாது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தட்டையாக எடுத்தால் ஒரு டீஸ்பூன். குழம்பு, சாம்பார், அப்பளம், ஊறுகாய், மிக்சர், கடையில் வாங்கும் பிஸ்கட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நம் வீட்டில் மத்தியானத்துக்குள்ளேயே அது தீர்ந்துவிடுகிறது. கஞ்சிக்குக் கருவாடு கடித்துக்கொள்கிற பழக்கத்தை ஆசைக்கு எப்போதாவது என்று ஆக்கிக்கொள். அன்றைக்கும் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் செய்யச் சொல். இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதிலும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021ல் வெளியான முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து என்பதால், கிரியாட்டினின் பார்த்து டாக்டரைக் கேட்ட பிறகே வீட்டுக்குள் கொண்டு வா.

நைட் ஷிப்ட் முடிந்து பரோட்டாக் கடைக்குப் போகிறீர்கள், தெரியும். மைதா, வனஸ்பதி, உப்பு தூக்கலான சால்னா மூன்றும் ஒரே இலையில். வாரம் முழுக்க அதுவே என்றால் எந்த மாத்திரையும் தோற்கும். கொலஸ்ட்ரால் என்று இறாலைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். பொரிக்கிற எண்ணெயையும் வனஸ்பதியையும் கண்டு பயந்தால் அதிகப் புண்ணியம். இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீன் நம் கரையிலேயே மலிவாக இருக்கிறது. சாளையும் அயிலையும் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிடு. சிகரெட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: விட்ட ஒரு வருடத்தில் அதனால் வந்த கூடுதல் மாரடைப்பு ஆபத்து பாதியாகிவிடும். இவ்வளவு சீக்கிரம் பலன் தருவது வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வயதானவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று நினைக்காதே. 52 நாடுகளில் எடுத்த ஒரு பெரிய ஆய்வில், நம் தெற்காசியப் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வந்தது. மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி. 53ல் வருவதற்கு 30லேயே வேலை தொடங்கிவிடுகிறது.

2020ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். அதன் பிறகுதான், நம் பனிமய மாதா திருவிழா நாளான ஆகஸ்ட் 5 அன்று, 2021ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளந்து பார்க்கிறார்கள், மாத மாத்திரையைக் கையில் தருகிறார்கள். வேலை நாளைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல்தான் நம் ஜனம் மாத்திரையை விட்டது. அந்தக் காரணம் இப்போது இல்லை. உன் தெருவுக்கு வருகிற அக்காவிடம் பேர் கொடு.

மாத்திரை போட்டு எண் இறங்கியதும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் மறுபடி ஏறும். காலில் வீக்கம், வறட்டு இருமல் என்று ஏதாவது வந்தால் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீயாக நிறுத்தாதே.

இன்னொன்றையும் மனதில் வை, உனக்காக இல்லாவிட்டாலும் உன்னோடு யார்டில் நிற்கிறவர்களுக்காக. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வேர்வை என்று யாராவது சொன்னால் "வாய்வு" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். உடனே 108. இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள்.

இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பார். நிறுத்தியதை மறைக்காமல் சொல். அவர் சொல்கிற அளவில் மாத்திரையை மறுபடி ஆரம்பி. ஏழு நாள் எண்களை எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மதினிக்கும் அன்றைக்கே ஒரு தடவை அளந்து பார்த்துவிடு. அவர்கள் பார்த்து வருடக்கணக்காகிறது.

அன்புடன்,
அத்தை