முயல் குட்டிகளின் தீவனத்தில் நலநுண்ணுயிர்கள்

தாயிடமிருந்து பிரித்த முயல் குட்டிகள் அடுத்த சில வாரங்களில் கழிச்சல் கண்டு இறப்பதே பண்ணைக்குப் பெரிய இழப்பாகும். பாலிலிருந்து தீவனத்துக்கு மாறும் அந்நாட்களில், குருட்டுக்குடலில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முழுமையாக நிலைபெற்றிருப்பதில்லை. தீய நுண்ணுயிர்கள் பெருக இதுவே வாய்ப்பாகிறது.

முன்பு பல நாடுகளில் எதிருயிரி மருந்துகளைத் தீவனத்தில் கலந்து வந்தனர். வளர்ச்சிக்காக அவ்வாறு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் தடை செய்தது. மாற்றாகப் பயன்படுபவற்றுள் இரண்டு இவை. ஈஸ்ட் போன்ற உயிருள்ள நலநுண்ணுயிர்கள் புரோபயாடிக் எனப்படும். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் இனுலின் போன்ற பொருட்கள் பிரிபயாடிக் எனப்படும்.

இவற்றின் பலன் எல்லாப் பண்ணைகளிலும் ஒன்றுபோல் இராது. சில ஆய்வுகளில் எடை கூடி இறப்பு குறைந்தது. சிலவற்றில் வேறுபாடே காணப்படவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. புதுத் தீவனத்துக்குச் சிறிது சிறிதாக, ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.
2. நார்ச்சத்து குறையாதிருக்கப் புல்லும் உலர்ந்த வேலிமசாலும் நாள்தோறும் இடுங்கள். நார்ச்சத்துக்கு ஈடு எதுவுமில்லை.
3. உயிருள்ள ஈஸ்டைச் சூடான தீவனத்தில் கலக்காதீர்கள், இறந்துவிடும்.
4. காக்சிடியா கழிச்சலுக்கு இவை மருந்தல்ல; கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.
5. முதலில் பாதிக் கூண்டுகளுக்கு மட்டும் கொடுத்து, வாரந்தோறும் எடையையும் இறப்பையும் குறித்து ஒப்பிடுங்கள். கூடுதல் வரவு செலவை மிஞ்சினால் மட்டும் தொடருங்கள்.