நிலக்கரியும் நம் கடமையும்

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ச் சதுப்பு நிலங்களில் செழித்திருந்த மரங்கள் மண்ணுள் புதையுண்டு, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நிலக்கரியாக மாறின. அவை உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து ஈர்த்த கரி அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. நிலக்கரியை எரிக்குங்கால், அக்கரி கரியமிலவாயுவாகி மீண்டும் காற்றில் கலக்கின்றது. கடல்வாழ் நுண்ணுயிர்களினின்று தோன்றிய பெட்ரோலியத்தின் இயல்பும் இதுவே.

கரியமிலவாயு தீயதோ எனின், அன்று. கதிரவனால் வெம்மையுற்ற நிலவுலகம் அவ்வெம்மையை வெளியே வீசுகின்றது. அது முற்றும் அகன்றுவிடாமல் தடுக்கும் வாயுக்களுள் இஃது ஒன்று. ஜான் டிண்டால் என்னும் அறிஞர் 1859-ஆம் ஆண்டில் இலண்டனில் ஆய்ந்து இவ்வியல்பை விளக்கினார். இவ்வாயுக்கள் இல்லையேல் உலகம் குளிரால் உறைந்துவிடும். எனினும், அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சன்றோ?

அளவு மிஞ்சியதை எவ்வாறு அறிந்தோம்? பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், சார்லஸ் கீலிங் என்பார் 1958-இல் காற்றை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னரோ ஏறத்தாழ 280 பங்கே இருந்தது. அக்காலத்தை நோக்க, உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்ந்துள்ளது. பனியாறுகள் உருகுகின்றன, கடல்மட்டம் ஏறுகின்றது.

சிறிது குறைத்து எரித்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். ஏரிக்கு வரும் நீர் சற்றே குறைந்தாலும், மடை சிறிதாயின் நீர்மட்டம் ஏறிக்கொண்டேயிருக்கும். கரியமிலவாயுவும் அத்தகையதே. காற்றில் சேர்ந்ததில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் நீங்காது தங்கும். ஆதலின், வரவையே அடைத்தல் வேண்டும். இதனை உணர்ந்த உலக நாடுகள் 2015-இல் பாரிஸ் நகரிற் கூடின. வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு மிகக் கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயலவும் உடன்பட்டன.

இஃது இயலுமோ என ஐயுறுவார் பிரிட்டனை நோக்குக. நிலக்கரியால் மின்சாரம் ஆக்கிப் பொதுமக்களுக்கு வழங்கிய நிலையம் 1882-இல் இலண்டனில் தோன்றியது. அந்நாடே தன் இறுதி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30-இல் மூடிற்று. எரிவாயுவும் பெட்ரோலும் அங்கு இன்னும் எரிகின்றன. ஆயினும், பழைய வழக்கத்தை மாற்றலாம் என்பது தெளிவாயிற்று.

மாணவர்களே! மண்ணுள் உறங்கும் நிலக்கரி எவர்க்கும் தீங்கிழைப்பதில்லை. அதனை எழுப்பி எரிப்பவர் நாம். அதன் வெம்மையைத் தாங்கவேண்டியவரோ நமக்குப் பின் பிறப்பவர். கதிரவன் ஒளியும் காற்றும் நாள்தோறும் ஆற்றல் வழங்கக் காத்திருக்கின்றன. அவற்றைப் பயன்கொள்ளும் வழிகளைக் கற்றுப் பெருக்குதல் உங்கள் தலைமுறையின் கடமையாகும்.