தெரிவுகளும் தெளிவும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் ஜோர்ஜ்டவுன் மாணவர்முன் பல கதவுகள் திறக்கின்றன. ஆறாம் படிவத்தில் தொடரலாம். கடலைக் கடந்து பெருநிலத்தின் கெப்பாலா பத்தாஸிலுள்ள மெட்ரிகுலேசன் கல்லூரியில் சேரலாம். பாலிக் புலாவ் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா பயிலலாம். குளுகோரிலுள்ள ஆசிரியர் கல்விக் கழகத்திற்கும் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றிற்கும் தனித்தனித் தகுதியும் செலவும் இறுதி நாளும் உண்டு. பெற்றோர் ஒன்று சொல்வர். மாமா மற்றொன்று சொல்வார். நண்பர்கள் புலனத்தில் வேறொன்றைப் பகிர்வர். வாய்ப்பு இல்லாதபோது கவலை தோன்றுவது இயல்பு. ஆனால், வாய்ப்புகள் மிகும்போதும் மனம் கலங்குவது ஏன்?

எங்கிருந்து தொடங்குவது எனத் தெரியாமல் மனம் திகைப்பதே மலைப்பாகும். அடுத்தடுத்து முடிவெடுப்பதால் மனம் களைப்படைவதை ‘முடிவெடுக்கும் சோர்வு’ என்பர். சோர்ந்த மனம் ஆராயாமல் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். அல்லது, ‘நாளை பார்க்கலாம்’ எனத் தள்ளிப்போடும். விண்ணப்பத்தின் இறுதி நாள் கடந்துவிட்டால், முடிவெடுக்காமையே ஒரு முடிவாகிவிடும். அம்முடிவை எடுத்தவர் எவருமிலர். விளைவை ஏற்க வேண்டியவரோ மாணவரே.

ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் எனும் உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கலிபோர்னியாவிலுள்ள ஒரு மளிகைக்கடையில் 24 வகைப் பழப்பாகுகளை வைத்தபோது, நின்று பார்த்தவர்களுள் ஏறக்குறைய 3 விழுக்காட்டினரே வாங்கினர். 6 வகைகளை மட்டும் வைத்தபோது, 30 விழுக்காட்டினர் வாங்கினர். இவ்விளைவு எல்லாச் சூழலிலும் தோன்றுவதில்லை எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தமக்கு வேண்டியது எதுவெனத் தெளிவில்லாதவரையே மிகுதியான தெரிவுகள் பெரிதும் குழப்புகின்றன.

ஆகவே, தேவையை முதலில் வரையறுத்துக் கொள்வதே மலைப்பைக் குறைக்கும் வழி. 1978-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர் எல்லாத் தெரிவுகளையும் அலசி மிகச் சிறந்ததைக் காண்பது இயலாது என்றார். தம் தேவையைப் போதிய அளவு நிறைவு செய்வதை ஏற்பதே நடைமுறைக்கு உகந்தது எனவும் விளக்கினார். குடும்பத்தால் இயன்ற செலவு, விரும்பும் துறை, தங்கிப் படிக்க இயலுமா என்பன போன்ற மூன்று நிபந்தனைகளை எழுதினாலே பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

எஞ்சியவற்றை எவ்வாறு ஒப்பிடுவது? ஒரு பணியை ஏற்பதா வேண்டாமா எனத் தயங்கிய அறிவியலறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-இல் கடிதம் எழுதினார். எதை முடிவு செய்வது என அவர் கூறவில்லை. எப்படி முடிவு செய்வது என்றே கூறினார். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஏற்கும் காரணங்களையும் மறுக்கும் காரணங்களையும் மூன்று நான்கு நாள்களாக எழுத வேண்டும். பின்னர், சம எடையுள்ளவற்றை இருபுறமும் அடித்துவிட்டு, எஞ்சியதைப் பார்க்க வேண்டும். மனத்தில் சுழன்றுகொண்டிருந்தவை தாளில் இறங்கியதும் சுமை குறைகிறது.

திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை வரிசையாக அமைத்துள்ளார். செயல், தன் ஆற்றல், காலம், இடம் என ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் ஒழுங்கை இவ்வரிசையில் காணலாம்.

அன்றாடச் சிறு முடிவுகளையும் குறைத்துக்கொள்ளலாம். மறுநாளுக்குரிய சீருடை, பாடநூல், படிக்கும் நேரம் ஆகியவற்றை முதல்நாள் மாலையிலேயே முடிவு செய்தால், காலையில் மனம் தெளிவாக இருக்கும். முக்கிய முடிவுகளை இரவில், களைத்த நிலையில் எடுக்காமல் இருப்பதும் நன்று.

இவற்றைச் செய்தும் உறக்கமும் பசியும் கெடுமளவு மலைப்பு நீடித்தால், அதனை மறைத்தல் கூடாது. பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவித் தொலைபேசி எண்ணான 15555-ஐயும் அழைக்கலாம். உதவி நாடுவதும் ஆராய்ந்து எடுக்கும் நல்ல முடிவே.