காசிக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு ரயிலில் காசிக்குப் போகிறோம். சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் வாங்கலாமா? திருட்டுப் பயமும் இருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரிய சூட்கேஸ் வேண்டாம் அம்மா. கீழ் பர்த்துக்கு அடியில் நுழையாவிட்டால் நடைபாதையில்தான் நிற்கும். காசியின் படித்துறைப் படிகளிலும் குறுகிய சந்துகளிலும் சக்கரம் உருளாது. தூக்கித்தான் ஆக வேண்டும். தோளில் மாட்டும் நடுத்தரத் துணிப் பைகளே நல்லவை. ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்றாலும், உங்களால் தூக்க முடிந்த எடைதான் சரியான எடை.

அங்கே ஜனவரியில் கடுங்குளிர். ஸ்வெட்டர், சால்வையை அடியில் திணிக்காதீர்கள், வழியிலேயே தேவைப்படும். ஒவ்வொருவரின் ஒரு செட் உடையை இன்னொருவர் பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மாற்றுடை இருக்கும்.

கீழ் பர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் பைகளைச் சங்கிலியால் பூட்டுங்கள். பணம், மருந்து, ஆதார் அட்டை, செல்போன் மட்டும் சிறு பையில் உடலோடு இருக்கட்டும், தூங்கும்போதும் கழற்றாதீர்கள். ஏதாவது காணாமல் போனால் ஓடும் ரயிலிலிருந்தே 139-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.